மானம் காத்த ஃபார்மட்

அந்த டிஸ்க்கை ஒழித்துக்கட்டாவிட்டால் நான் செஞ்சியில் தலைநிமிர்ந்து நடக்கவே முடியாது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க். முதலாவதில் விண்டோஸ். இரண்டாவதில் என் மானம். என் மைத்துனன் நெடுமாறன் கல்யாணத்தில், மாப்பிள்ளை ஊர்வலத்தில் நான் ஆடிய ஆட்டமும், பாதி ஆட்டத்தில் என்னை விட்டுப் பிரிந்துபோன வேட்டியும் அதில் வீடியோவாகப் பத்திரமாக இருந்தன. வேட்டி போன பிறகும் நான் ஆடிக்கொண்டிருந்தேன் என்பதுதான் கொடுமை.

போன வாரம் என் மனைவி கலைமதி, போனில் தம்பியிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கொழந்த காதுகுத்துக்கு எல்.இ.டி. ஸ்கிரீன் வெக்கிறல்ல? மாமா டான்ஸ மொதல்ல போட்றலாம்டா!"

மைத்துனன் ஊரான வல்லமே திரண்டு வருகிற விழா!

அமாவாசையன்று அவள் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு பஸ் ஏறியதும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். வீடியோவை மட்டும் அழித்தால் மாட்டிக்கொள்வேன். மொத்த டிஸ்க்கையும் அழித்தால் பழி கரண்ட் மேல் விழும். நான் வருஷக்கணக்காக மலையேறி எடுத்த செஞ்சிக் கோட்டைப் போட்டோக்களும் அதில்தான் இருந்தன. மானம் போகிற நேரத்தில் ராஜகிரியாவது, கிருஷ்ணகிரியாவது! ஃபார்மட்டை அழுத்தினேன்.

'எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?' என்று கேட்டது. எங்கள் வீட்டில் என் சம்மதத்தைக் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான்.

அவள் குங்குமத்தோடு திரும்பி வந்தபோது நான் சி.பி.யூ.வைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தேன்.

"ஐயோ கலை! கரண்டு போய்ப் போய் வந்துதே! ரெண்டாவது டிஸ்க்கு பூரா அழிஞ்சிடுச்சே! நெடுமாறன் கல்யாண வீடியோ போச்சே!"

கையில் போனைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அதிர்ச்சியில் நிற்கிறாள் என்று நினைத்து, குரலை இன்னும் ஏற்றி அழுதேன்.

"சுத்தமா காலியா?" என்றாள்.

"தொடச்சி வெச்சா மாதிரி இருக்குது."

"அப்பாடா! காதுகுத்து வீடியோ ஏத்தறதுக்கு ஒரு காலி டிஸ்க்கு வேணும்னு தம்பி கேட்டுக்கினே இருந்தான். கழட்டிக் குடுங்க."

அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

"இன்னாது?"

"அழிங்கன்னு கேட்டா அழிப்பீங்களா? அந்தப் பாறாங்கல்லு போட்டோவெல்லாம் உயிரா வெச்சிருந்தீங்க. அதான் டான்ஸ் போடப் போறோம்னு உங்க காதுல விழறா மாதிரி பேசினேன்."

ராஜகிரி போச்சே! இப்போது நிஜமாகவே அழுகை வந்தது.

"அப்போ டான்ஸ் போட மாட்டீங்கல்ல?"

"ஏன் போடாம? கல்யாண வீடியோ பூரா எப்பவோ என் போன்ல ஏத்திட்டேன். இப்ப நீங்க அழுததும் அதுலதான் இருக்குது."

வல்லத்தில் இரண்டையும் போட்டார்கள். ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டது அழுகைக்குத்தான்.