உப்பு லாரியும் சர்க்கரை லாரியும்

"ஏனுங்க, சும்மா ஓட்டறதுக்கா, பாரம் ஏத்தறதுக்கா?" என்று சசிதரிடம் கேட்டான் கடைக்கார ரிஃபத்.

காந்திபுரத்துக் கடையில், மேசைமேல் இரண்டு பொம்மை லாரிகள் நின்றன. ரிமோட்டில் ஓடுகிறவை. ஆனால் இப்போதைக்கு ஓடவில்லை.

"எந்த பேட்டரி போட்டா மாமனாரு சந்தோசப்படுவாரோ, அதைக் குடுங்க."

"மாமனாருக்குன்னு தனியா பேட்டரி வர்றதில்லீங்க."

சசிதர் வெள்ளகோவில்காரன். கோவையில் பம்பு கம்பெனியில் வேலை, பீளமேட்டில் அறை. கூடி வந்த இரண்டு சம்பந்தங்கள் ஏற்கெனவே கைநழுவிப் போயிருந்தன. இந்தத் தடவை அம்மா, நண்பனின் பொம்மை லாரியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நிற்கிற போட்டோவை அனுப்பிவிட்டாள். மகன் சிரித்த முகமாக இருப்பது அது ஒன்றில்தானாம். அவிநாசியில் பெண் வீட்டிலிருந்து 'வாங்க' என்று பதில் வந்தது.

பெண் பார்க்கப் போன இடத்தில் அக்ஷயா காபியைக் கொடுத்து, "சக்கரை போதுமுங்களா?" என்று கேட்டாள். கட்டினால் இவளைத்தான் என்று அந்த ஒரு கேள்வியிலேயே முடிவு செய்துவிட்டான். அதற்குமேல் அவளைப் பார்க்கக் கூச்சம். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஷோகேஸில் வைத்தான். அங்கேதான் இந்த இரண்டு லாரிகளும் இருந்தன.

அக்ஷயாவின் அப்பா நஞ்சுண்டன் நிஜ லாரிகளை ஓட்டி, பிறகு சொந்தமாக வாங்கியவர். அவருக்குப் பிடித்ததைப் பற்றிப் பேசுவதுதான் முறை என்று சசிதருக்குத் தோன்றியது.

"லாரி ரெண்டும் ஜோரா இருக்குதுங்க மாமா. ஓடுமுங்களா?"

"ஓடுமுங்க மாப்ள. பேட்டரி தீந்து கெடக்குது."

"நான் கொண்டுபோயி நல்ல பேட்டரியாப் போட்டுக் கொண்டாரனுங்க."

நஞ்சுண்டன் மனைவியைப் பார்த்தார். மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

"செரிங்க மாப்ள. உங்க சந்தோசமுங்க."

மாமனார் தன்னைச் சோதிக்கிறார் என்று சசிதர் புரிந்துகொண்டான். பேட்டரி பார்க்கத் தெரியாதவனுக்கு லாரிக்காரர் பெண் கொடுப்பாரா?

முதலில் பென்சில் செல் போட்டான். வீடியோ காலில் மாமனாருக்கு ஓட்டிக் காட்டினான். லாரி ஒரு முழம் போய், முனகிவிட்டு நின்றது.

"அருமைங்க மாப்ள," என்றார் நஞ்சுண்டன். குரலில் உயிரில்லை.

சசிதர் பதறினான். "இது சும்மா சாம்பிளுங்க மாமா. உப்புச்சக்கரை அன்னைக்குப் பாருங்க. உங்க உப்பு ஒரு லாரி, எங்க சக்கரை ஒரு லாரி. தானா வந்து மாத்திக்கும்."

அந்தப் பக்கத்தில் நிச்சயம் என்றால் இரண்டு வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொள்வதுதான். இதுநாள்வரை எல்லோரும் கையால்தான் மாற்றியிருக்கிறார்கள். நஞ்சுண்டன் போனை மனைவி பக்கம் திருப்பினார்; மறுபடி தன் பக்கமே திருப்பிக்கொண்டார்.

"செரிங்க மாப்ள. நீங்க சொன்னா செரிதானுங்க."

விஷயம் தெரிந்து அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். "ஏங்கண்ணு, தட்டத்துல வெச்சுக் குடுத்தா ஆகாதா? எதுக்கு இந்த வம்பு?"

"உனக்குத் தெரியாதும்மா. பொம்மை லாரின்னா அவருக்கு உசுரு."

ரிஃபத் நிக்கல் பேட்டரி போட்டுக் கொடுத்தான். லாரி பாரம் இழுத்தது. ஆனால் கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவதற்குள் சசிதர் ஒரு டீ குடித்து முடித்துவிட்டான்.

"இது போயிச் சேர்றதுக்குள்ள ராகுகாலம் வந்துருமுங்க."

"அப்ப லித்தியந்தான் போடோணும். ஆனா இந்த மோட்டாருக்கு அது சாஸ்திங்க. மொபெட்டுல பஸ் இஞ்சினை வெச்ச மாதிரி. ரிமோட்டைச் சும்மா தொட்டாப் போதும். அழுத்திப்போடாதீங்க."

"தொடத்தானுங்க போறோம்."

நிச்சயத்தன்று அவிநாசி வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. உப்பு லாரி ஒரு கோடியில், சர்க்கரை லாரி மறு கோடியில். உப்பு லாரியின் ரிமோட்டைச் சசிதர் பயபக்தியோடு மாமனாரிடம் நீட்டினான். நஞ்சுண்டன் அதை எலி விழுந்த பொறியைப் பிடிப்பதுபோலப் பிடித்தார்.

"ரெண்டையும் நீங்களே ஓட்டுங்களே மாப்ள."

"உங்களுக்கில்லாததுங்களா மாமா. சும்மா தொடுங்க."

பாவம், லாரி ஓட்டிப் பழகிய மனிதர். ஆக்சிலேட்டரை மிதிக்கிற நினைப்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். உப்பு லாரி பறந்தது. மோதாமல் ஒதுங்கிவிடலாம் என்று சசிதர் சர்க்கரை லாரியைத் திருப்பினான்; அது சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கமாகச் சீறியது. மறுபடி திருப்பினான். நடுக்கூடத்தில் இரண்டும் நேருக்கு நேர் மோதி, எகிறி, பெரியவர்கள் தலையில் உப்பும் சர்க்கரையுமாகப் பொழிந்தன. ஒரு லாரி சோபாவுக்கடியில் புகுந்து கத்திக்கொண்டே இருந்தது. இன்னொன்று அக்ஷயாவின் பெரியப்பா வேட்டிக் கரையைச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு நின்றது.

மூன்றாவது சம்பந்தமும் போயிற்று என்று சசிதர் தலையைக் குனிந்துகொண்டான்.

அக்ஷயா குனிந்து தரையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"ரெண்டும் நல்லா கலந்துபோச்சுங்க," என்றாள். "இனி யாரு வந்து பிரிக்கறது?"

வேட்டியைப் பிடித்தபடி பெரியப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. வெற்றிலை பாக்கு மாற்றி, நாள் குறித்து, எல்லோரும் பந்திக்கு எழுந்தார்கள்.

இலையில் உட்கார்ந்ததும் சசிதர் மாமனாரின் பக்கமாகச் சாய்ந்தான். "மனசு விட்டுப்போடாதீங்க மாமா. உங்க ஷோகேஸ் நிறைய லாரி வாங்கியாரனுங்க. கல்யாணத்துக்குத் தாலியே லாரியிலதான் வருது."

நஞ்சுண்டன் கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. "செரிங்க மாப்ள," என்றார். "உங்க சந்தோசமுங்க."

அப்போது பக்கத்து வீட்டு சூசைமேரி, சோபாவுக்கடியிலிருந்து மீட்ட லாரியைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"ஏனுங்ண்ணா, போட்டோவைப் பாத்துப்போட்டு, மாப்ளைக்கு பொம்மை லாரின்னா உசுருன்னு எங்க பையன் பிராங்க்கிட்ட இரவல் வாங்கியாந்து ஷோகேஸ்ல வெச்சீங்களே, நிச்சயந்தான் முடிஞ்சுபோச்சே, இனி நான் எடுத்துட்டுப் போலாமுங்களா?"