‘தேவனல்லவா’வில் ஒரு ‘வா’ குறைகிறது

மதிப்பிற்குரிய சபை மாத இதழ் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சந்தாதாரர்கள் அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை. காரணம் நீங்கள்தான்.

கடைத்தெருவில் கண்ணாடிக் கடை வைத்து முப்பத்தெட்டு வருடமாக ஊர்க் கண்களைச் சரிபார்க்கிற நான், இரண்டு மாதம் மண்டையைக் குடைந்து, பதினேழு தாளைக் கிழித்துப் போட்டு, இந்த மாத இதழுக்கு ஒரு கட்டுரை எழுதினேன். இயேசு நல்ல மனிதர்தான், தேவன் இல்லை என்று சொல்லித் திரிகிறவர்களுக்கு அது பதில். தலைப்பு, ‘இவர் தேவனல்லவா!’ ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் இதழை வாங்கிப் பிரிக்கிறேன், முதல் பக்கத்தில் என் புகைப்படம், அதற்கு மேலே கட்டைவிரல் தடிமனில் ‘இவர் தேவனல்ல’. ஐயா, வா எங்கே? ஆச்சரியக்குறி போனால் போகட்டும், என் வா எங்கே? வா இருந்தால் நான் விசுவாசி, இல்லாவிட்டால் துரோகி! என் படத்துக்கு மேல் இருந்ததால் அது என்னைப் பற்றிய அறிவிப்பு என்று என் வீட்டுக்காரி நினைத்துவிட்டாள். “இதை அச்சடிச்சு வேற சொல்லணுமா?” என்றாள்.

அதோடு விட்டீர்களா? முதல் பக்கம் முழுக்க எதிராளிகளின் கேள்விகளை அடுக்கியிருந்தேன். பசியெடுத்தவர் எப்படி தேவன்? படகில் அசந்து தூங்கியவர் எப்படி தேவன்? நண்பனின் கல்லறைக்கு முன்னால் நின்று அழுதவர் எப்படி தேவன்? பதில்களுக்குப் பதினான்காம் பக்கம் பார்க்க என்று போட்டிருந்தது. பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி விளம்பரம்! போதகர் என்னைத் தனி அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, மின்விசிறியைக்கூடப் போடாமல், “எவ்வளவு நாளா இப்படி இருக்கு?” என்று டாக்டர் மாதிரி விசாரித்தார். “ஐயா, அது அச்சுப் பிழை” என்றேன். “முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க” என்று சொல்லிப் பாட்டுக்குழுவிலிருந்து என்னை நிறுத்தி வைத்துவிட்டார். அங்கே அடிக்குரலில் பாட என்னை விட்டால் ஆள் கிடையாது. அன்று சாயங்காலம் பாட்டெல்லாம் அந்தரத்தில் தொங்கியதாகக் கேள்வி.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, பெரிய வினை இனிமேல்தான். என் தங்கை மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, இயேசு தேவனால் அனுப்பப்பட்டவர், ஆனால் தேவன் அல்ல என்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர். கல்யாணத்துக்கு அப்புறம்தான் சேர்ந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன், நாங்கள் விசாரிக்காமல் பெண் கொடுத்தோம் என்று யாரும் பேசக்கூடாது. பதினோரு வருடத்துக்கு முன்னால் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், “அவரே தேவன்னா, யாரைப் பார்த்து ஜெபம் பண்ணினார் மச்சான்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பதில் வராததால் கோபம் வந்தது. “எழுந்து போ! இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே!” என்று சொல்லிவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர்தான், வரவே இல்லை. தங்கை மட்டும் மாதம் ஒரு தடவை கடைக்கு வருவாள், கண்ணாடி ஸ்க்ரூ கழன்றுவிட்டது என்று. ஸ்க்ரூ மாதா மாதம் தானாகக் கழலாது ஐயா, என் தொழில் எனக்குத் தெரியும். முடுக்கிக் கொடுத்துக்கொண்டே நாலு வார்த்தை பேசுவேன். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்க மட்டும் வாய் வராது. ஏதோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிற வேலையாம், எங்கே என்றுகூடக் கேட்டதில்லை. அவள் போன பிறகு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் மாப்பிள்ளை! தலை நரைத்திருக்கிறது, கையில் உங்கள் இதழ், பின்னால் என் தங்கை பாதிச் சிரிப்பும் பாதி பயமுமாக நிற்கிறாள். “மச்சான், கடைசியில எங்க பக்கம் வந்துட்டீங்களே!” என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். “யோவ், அது அச்சுப் பிழைய்யா!” என்று கத்தினேன். “அப்படியா? அப்போ உக்காந்து பேசலாமே” என்று உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் என்ன பண்ணுவேன், நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

“தேவன் எதுக்கு மச்சான் மனுஷனா வரணும்? மேலேயிருந்து பார்த்தா தெரியாதா?”

“மாப்ளே, கடைக்கு வர்றவரை எழுத்து படிக்கவச்சு பவர் சொல்லிடலாம். ஆனா அவர் படுற பாடு என்னன்னு தெரியணும்னா அவர் கண்ணாடிய வாங்கி என் மூக்குல மாட்டிப் பார்க்கணும்.”

“மாட்டினா நீங்க கடைக்காரரா, கஸ்டமரா?”

“கடைக்காரன்தான்!”

“அப்போ உங்களுக்கு மங்கலா தெரியாது. சும்மா நடிக்கிறீங்க.”

“நிஜமாவே மங்கும்யா! தலை சுத்தும், படி தடுக்கும்!”

“அப்போ அவருக்கும் தலை சுத்துச்சுங்கறீங்க?”

“சுத்துச்சுய்யா! பசிச்சுது, அழுதார், மனுஷனா நின்னு ஜெபம் பண்ணினார், எல்லாம் நிஜம். ஆனா கடை அவரோடது!”

மேசையை நான் தட்டிய தட்டில் காப்பி சிந்திவிட்டது. பதினோரு வருடமாகத் தொண்டையில் நின்ற பதில் ஐயா அது, என்ன சந்தோஷம் தெரியுமா! மாப்பிள்ளை சிந்திய காப்பியைத் துடைத்தார். அப்புறம் மெதுவாக, “சரி மச்சான், அவ்வளவு கஷ்டப்பட்டவர் நடுவுல கழட்டி வச்சிருக்கலாமே, ஏன் கடைசிவரைக்கும் கழட்டலை?” என்றார். எனக்குத் திரும்பவும் வாய் அடைத்துவிட்டது. இந்தத் தடவை கோபம் வரவில்லை. “நாளைக்குச் சொல்றேன்” என்றேன். செவ்வாய்க்கிழமை வந்துவிட்டார். புதன்கிழமையும் வந்துவிட்டார், புதுசா ரெண்டு கேள்வியோட! நான் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஓடி வர வேண்டியிருக்கிறது. சமையலறையில் என் வீட்டுக்காரியும் தங்கையும் எங்களைப் பார்த்துச் சிரித்துத் தள்ளுகிறார்கள். இதுவா ஐயா ஒரு விசுவாசியின் வீடு?

ஆகவே, அடுத்த இதழின் முதல் பக்கத்தில் திருத்தம் வர வேண்டும். என் பதில்கள் முழுசாக வர வேண்டும். முக்கியமாக ஒன்று. அச்சுக்குப் போகும் முன் புரூஃப் நானே பார்த்தேன், அதில் வா இருந்தது. என் கண்ணில் எந்தக் கோளாறும் கிடையாது. அப்படியானால் அச்சுக்கூடத்தில் பக்கங்களை அமைத்து லே-அவுட் போடுகிற ஆள் அதற்குப் பிறகு வேண்டுமென்றே அதைப் பிடுங்கியிருக்கிறான். அவன் எவனாக இருந்தாலும் சரி, இந்த வாரமே வேலையை விட்டுத் தூக்குங்கள்!

தங்கள் பேனாவும் தங்கள் இல்லமும் ஆசீர்வதிக்கப்படுவதாக. அச்சுக்கூடத்துக்கும் சேர்த்து அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்படிக்கு,
இன்னமும் விசுவாசியாகவே இருக்கும்
கண்ணாடிக் கடைக்காரர்

பி.கு.: உறையில் போடுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வேலையை விட்டுத் தூக்குங்கள் என்ற இடம் வந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அந்த ஆள் நான்தான் மச்சான்” என்றார். ஆறு மாதமாக உங்கள் இதழுக்கு லே-அவுட் போடுவது அவர்தானாம். “ஏன்யா இப்படிப் பண்ணினே?” என்றேன். “பதினோரு வருஷமா உங்க வாயிலிருந்து ஒரு ‘வா’ வராதான்னு பார்த்தேன். வரலை. கட்டுரையில ஒண்ணு இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன். வேலை போனா போகட்டும். ஆனா பதினாலாம் பக்கம் நான் பண்ணலை” என்றார். சமையலறையில் சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது.

ஐயா, உங்களுக்கும் கூடப்பிறந்தவர்கள் இருப்பார்கள். இந்தப் பி.கு. நமக்குள் இருக்கட்டும், மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். புரூஃபிலேயே வா இல்லை, எனக்குத்தான் தெரியவில்லை. போதகரிடமும் அப்படித்தான் சொல்லப்போகிறேன். அடுத்த இதழில் என் படத்தைப் போட்டு, அதற்கு மேலே கட்டைவிரல் தடிமனில் ‘கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண் சரியில்லை’ என்று அச்சடியுங்கள். லே-அவுட்டை மாப்பிள்ளையிடமே கொடுங்கள், இந்தத் தடவை ஒரு எழுத்துகூட விழாது என்கிறார்.