சவுக்காரக் கொட்டகையில் அழுகை முறை

காஜா பெராங், மலாக்கா
புதன்கிழமை

என் மொட்டை ராசாவுக்கு,

நேரில் இப்படிக் கூப்பிட எனக்கு வாய் வராது. காகிதத்தில்தானே, கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் நம் பூனையும் உயிரோடு இருக்கிறோம். சயாமில் ரயில் பாதை போடுகிற இடத்தில் நீங்களும் அப்படியே இருக்க மாரியாத்தா துணை.

எனக்கு இப்போது துணி துவைக்கிற சவுக்காரம் செய்யும் கொட்டகையில் வேலை. செம்பனை எண்ணெயையும் சாம்பல் தண்ணீரையும் காய்ச்சி, இறுகும் வரை துடுப்பால் கிண்ட வேண்டும், கை நின்றால் அடிப்பிடிக்கும். ஆறு பெண்கள், ஆறு பேர் வீட்டு ஆம்பளையும் சயாமில். போன மாதம் கமலவேணிக்குச் சாவுச் சேதி வந்தது. அவள் அழ, அவளைப் பார்த்து நாங்கள் அழ, அண்டா முழுக்கக் கருகிவிட்டது. வேலை வாங்கும் மண்டோர் சின்னப்பா தலையில் கைவைத்துக்கொண்டு, "இன்னொரு அண்டா கருகுச்சுன்னா ஜப்பான்காரன் எல்லாருக்கும் அரிசிய நிறுத்திருவான், தாயிங்களா!" என்றார். பூங்காவனம் அக்காதான் வழி சொன்னாள். "அழாம இருக்க முடியாது. முறை வச்சு அழுவோம். ஒரு நாளைக்கு ஒருத்தி. அவ துடுப்ப மத்தவங்க பாத்துக்கலாம்."

மண்டோர் எங்கள் பேரைக் கிழமைவாரியாகக் கரியால் சுவரில் எழுதினார். அதன்பிறகு ஒரு அண்டாகூடக் கருகவில்லை, சண்டைக்கு மட்டும் குறைவில்லை. "ஏண்டி ருக்மணி, என் செவ்வாக்கெழமயில ஒனக்கென்னடி அழுக?" என்று கமலவேணி துடுப்போடு வருவாள். "பக்கத்துல நின்னா தொத்திக்குதுக்கா. என் சனிக்கெழமயில நீ கழிச்சுக்க." பிறகு பார்த்தால் மண்டோரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். "எம்மவனும் அங்கதான் இருக்கான். எனக்கும் ஒரு அர நாளு கெடைக்குமா?" சனிக்கிழமையில் பாதியை ருக்மணி கொடுத்தாள்.

என் கிழமை வியாழன். அதை வாரா வாரம் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். உங்களைப் பற்றிச் சேதியே வராதபோது நான் எதற்கு அழ வேண்டும்?

திங்களன்று ஜப்பான் அதிகாரி வந்து, சுவரில் என்ன என்று கேட்டார். "கொட்டகை கூட்டுற முறைங்க" என்று மண்டோர் கூசாமல் புளுகினார். அதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மொழிபெயர்க்க வந்த தியாகு சொன்னான்: "நல்ல ஒழுங்காம். மத்த கொட்டகையிலயும் எழுதச் சொல்லப்போறாராம். வியாழக்கெழம மட்டும் பேர அழிச்சு அழிச்சு எழுதியிருக்கே, அந்தம்மா சோம்பேறியான்னு கேக்குறாரு. இந்த வியாழன் அவங்களேதான் செய்யணுமாம், வந்து பாப்பாராம்." பூங்காவனம் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் வரும்போது விளக்குமாறும் கையுமாக நிற்பேன். நீங்கள் கவலைப்படாமல் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தனலட்சுமி

பின்குறிப்பு: எழுதி முடித்த பிறகு, உங்களோடு லாரி ஏறிப் போன பொன்னுதுரை அண்ணன் வந்தார். உங்கள் தகரக் குவளையை வாசற்படியில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். "உக்காருங்கண்ணே" என்று மரவள்ளிக்கிழங்கு வைத்தேன், அவர் தொடவே இல்லை. விடிந்தால் வியாழன். கூட்டிவிட்டு வந்துவிடட்டுமா, இல்லை, என் முறையை நானே அழுதுவிடட்டுமா?