நீலப் பென்சில் டிக் போட்ட பன்னிரண்டு பெட்டிகள்

சூரியன் கிழக்கேதான் உதித்ததா என்று தினமும் பார்த்து உறுதி செய்துகொண்டு வேலைக்கு வந்தவர் கோயமுத்தூரில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் டிகிரி அண்ணன். கண்ணுகளா, நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் கொஞ்சம்தான்.

நான் பத்தாவது முடித்தவன். சின்னியம்பாளையத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கிங் கொட்டகையில் வேலை. உறைய வைத்த பரோட்டா, துருவிய தேங்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாவற்றையும் குளிர் கலையாமல் பெட்டி கட்டி, ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் விமானத்தில் அனுப்புவோம். நம் ஊர் வெயிலில் குச்சி ஐஸ் உங்கள் முழங்கை வரை ஒழுக எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்தோடுதான் எங்களுக்குத் தினமும் சண்டை.

குளிர் அறைக்குப் பொறுப்பு டிகிரி அண்ணன். அவருக்கு வணக்கம் சொன்னால் "எத்தன டிகிரிங்க?" என்று பதில் வரும். சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய். சட்டைப்பையில் ஒரு நீலப் பென்சில். திறந்து பார்த்துத் திருப்தியான பெட்டியில் அதால் ஒரு டிக் போடுவார். டிக் விழுவதற்குள் நமக்கு வேர்த்துவிடும், குளிர் அறைக்குள்ளேயே.

சந்தேகப்படுகிற ஆள் கோபமாகத்தான் பேசுவார் என்று நினைக்காதீர்கள். இவர் மரியாதை குறையாமல் சந்தேகப்படுவார். "ஏனுங்க, நீங்க பொய் சொல்றீங்கன்னு நாஞ் சொல்லுலீங்க. நெசமான்னு மட்டும் பாத்துக்கறேனுங்க."

குளிர் அறையில் மூன்று தெர்மாமீட்டர்கள் மாட்டியிருந்தார். ஒன்று மற்றொன்றை வேவு பார்க்கவாம். ஒருநாள் மூன்றும் ஒரே மாதிரி மைனஸ் பதினெட்டு காட்டின. நாங்கள் கைதட்டாத குறை. அவர் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"என்னங்கண்ணா, மூணும் சரியாத்தானே காட்டுது?"

"அதானுங்க ஒதைக்குது. மூணு பேரும் பேசி வெச்சுட்டாங்களோ என்னமோ."

நான்காவதாக ஒன்று வந்தது.

குளிர் வண்டி டிரைவர் டீசல் மிச்சம் பிடிக்க வழியில் ஏசியை அணைத்துவிடுவாரோ என்று அடுத்த சந்தேகம். அதற்காக மொபெட்டில் வண்டியின் பின்னாலேயே போவார். அவினாசி ரோட்டில் சிவப்பு விழுந்ததும் இறங்கி ஓடி, வண்டியின் பின்கதவைத் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுகிற மாதிரி. பச்சை விழுந்து பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்க, இவர் கையெடுத்துக் கும்பிட்டு, "ஒரு நிமிசமுங்க, சில்லுன்னு இருக்குதாட்டத்தான் தெரியுதுங்க" என்பார்.

ஆனால் எல்லாரையும்விட அதிகச் சந்தேகம் டிரை ஐஸ் மேல். அது தண்ணீரில் செய்த ஐஸ் இல்லை. கார்பன் டை ஆக்சைடு வாயுவை உறைய வைத்த வெள்ளைக் கட்டி. தண்ணீராக உருகாது, நேராக வாயுவாகிக் காணாமல் போகும். பெட்டிக்குள் வைத்து அனுப்பினால் நல்ல குளிர் கொடுக்கும்.

"நம்ம ஐஸுன்னா அழுதுட்டுப் போவாருங்க, கண்ணீரு கெடக்கும். இவரு சொல்லாம கொள்ளாம ஓடிப்போறாரு. இவர எப்படிங்க சாட்சிக்குக் கூப்புடறது?"

அதனால் சாட்சியை அவரே செய்தார். குங்குமச் சிமிழ் அளவுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரை உறைய வைத்து, ஐஸின் மேல் ஒரு புளியங்கொட்டையை வைத்து, இறுக மூடிவிடுவார். வழியில் ஐஸ் உருகினால் கொட்டை அடிக்குப் போய்விடும். பிறகு என்னதான் மறுபடி உறைய வைத்தாலும் கொட்டை மேலே ஏறி வராது. பெட்டிக்கு ஒரு டப்பா. பொருள் பட்டியலில் அதையும் எழுதச் சொல்வார். எழுதும்போது மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார்.

இப்போது சரசக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூலூரில் வீட்டிலேயே ஒப்புட்டு, அதாவது போளி, சுட்டு விற்றவர். தேங்காய் ஒப்புட்டு, பருப்பு ஒப்புட்டு. ஷார்ஜாவில் கடை வைத்திருக்கும் உக்கடத்துப் பாய் ஒருவர், பொங்கலுக்கு உறைய வைத்த ஒப்புட்டு முப்பது பெட்டி கேட்டார். இது சரியாகப் போய்ச் சேர்ந்தால் மாதாமாதம் ஆர்டர். கெட்டுப்போனால் இதோடு சரி. ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு, புது ஃப்ரீசர் வாங்கி, அக்கா எல்லாவற்றையும் இந்த முப்பது பெட்டியில் வைத்திருந்தார்.

அனுப்புகிற அன்று மதியம் பெட்டிகளைக் கட்டி முடித்துக் குளிர் அறையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து போன். என் மகள் படிக்கட்டில் விழுந்து கால் முறிந்துவிட்டது. எடுத்தேன் ஓட்டம். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் நினைவு வந்தது. குளிர் அறைக் கதவைச் சாத்தினேனா?

சாத்தவில்லை. பத்து நிமிடம் கழித்துத் தானே பார்த்துச் சாத்தியதாக வாட்ச்மேன் பிறகு சொன்னார்.

இரண்டாம் நாள் ஷார்ஜா பாய் மேனேஜரைக் கூப்பிட்டார். "பன்னெண்டு பொட்டில ஒப்புட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பாறையாட்ட இருக்குதுங்க. உருகி மறுபடி உறைஞ்சிருக்கு. பதினெட்டு நல்லாருக்கு. ஆமா, கெட்டுப்போன பொட்டில டப்பாக்கு அடில புளியங்கொட்டை கெடக்குதே, அது இனாமுங்களா?"

சரசக்கா கொட்டகைக்கே வந்துவிட்டார். அழவில்லை. முந்தானையை முறுக்கிக்கொண்டு, "என்ற கைலதான் ஏதாச்சும் தப்பாயிருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"நாந்தானுங்கக்கா. கதவைச் சாத்தாம ஓடிட்டேன்."

மேனேஜர் எழுந்தேவிட்டார். டிகிரி அண்ணன் அவரைக் கையமர்த்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இருங்க தம்பி. நீங்க சொன்னா ஆச்சுங்களா? எனக்கு நம்பிக்கை இல்லீங்க."

என் பொய்யை நம்பாதவர்கள் உண்டு. என் குற்றத்தை நம்பாதவர் அவர் ஒருவர்தான்.

உடனே பரிசோதனை. ஒப்புட்டுப் பெட்டி ஒன்று, உள்ளே புளியங்கொட்டை டப்பா. குளிர் அறைக் கதவைத் திறந்து போட்டார். பத்து நிமிடம். கொட்டை அசையவில்லை. வாட்ச்மேன் கடிகாரத்தின் மேல் சந்தேகம் வந்து இருபது நிமிடம் ஆக்கினார். வாட்ச்மேன் மேலேயே சந்தேகம் வந்து அரைமணி ஆக்கினார். கொட்டை மகாராஜா மாதிரி ஐஸ் மேலேயே உட்கார்ந்திருந்தது.

"தம்பி மேல தப்பில்லீங்க. வேற ஆளு இருக்கறாங்க. கெட்ட பொட்டி பன்னெண்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

போட்டோக்கள் வந்தன. மேனேஜரின் போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முதல் பெட்டியில் நீலப் பென்சில் டிக். இரண்டாவதில் டிக். மூன்றாவதிலும். பன்னிரண்டிலும் அழகழகாக டிக்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, வண்டி வருவதற்குள் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பெட்டிகளை வாசலில் தகரக் கூரைக்குக் கீழே இறக்கி, ஒவ்வொன்றாகத் திறந்து, தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்திருக்கிறார். உச்சி வெயில். மனதுக்குத் திருப்தியாகும்வரை ஒன்றையும் மூடவில்லை. பன்னிரண்டு முடிவதற்குள் வண்டி வந்துவிட்டது. அவர் திறக்காத பதினெட்டும் பிழைத்துக்கொண்டன.

குல்லாயைக் கழற்றினார். அவர் தலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

"ஆளு கெடச்சுட்டாருங்க," என்றார் மெதுவாக. "நாந்தானுங்க."

பாய்க்கு அவரே போன் போட்டார். "ஏனுங்க, அம்மணி மேல ஒரு கொறையும் இல்லீங்க. ஒப்புட்டக் கெடுத்துப்போட்டது நானுங்க."

பாய், "தப்ப இப்படித் தானா யாருங்க ஒத்துக்குவாங்க? இதுல ஏதோ சூது இருக்குதே" என்றார்.

டிகிரி அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. தன் இனத்து ஆளைக் கண்டுகொண்டார்! "நல்லாக் கேட்டீங்க! நம்பாதீங்க. வீடியோ அனுப்பறேன், பாத்துட்டு அப்பறம் நம்புங்க." தகரக் கூரைக்குக் கீழே பெட்டியைத் திறந்து வைத்து, கொட்டை அடிக்குப் போகிறவரை வெயிலில் உட்கார்ந்து படம் பிடித்தார். அதைப் பாய் முழுதாகப் பார்த்திருக்கிறார். பதினெட்டை வைத்துக்கொண்டு, கெட்ட பன்னிரண்டுக்குப் பதில் வேறு அனுப்பச் சொன்னார்.

அந்தப் பன்னிரண்டு போன அன்று சரசக்கா குளிர் அறை வாசலில் நின்று கை நீட்டினார். "அண்ணா, பென்சிலக் குடுங்க." கொடுத்துவிட்டார். "கையப் பின்னால கட்டிக்குங்க." கட்டிக்கொண்டார். வண்டி கிளம்புகிறவரை அண்ணன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று மூக்கால் மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு முதல் நாள் ஒரு பெட்டி விடாமல் நன்றாகப் போய்ச் சேர்ந்தது. ஒப்புட்டு இப்போது மாதாமாதம் பறக்கிறது.

டிகிரி அண்ணன் வேலையை விட்டுவிட்டுப் பவானியில் மகன் வீட்டோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும்.

"பாப்பா காலு எப்படிங்க இருக்குது?"

"அது சரியாயி ரெண்டு வருசம் ஆச்சுங்கண்ணா."

"நீங்க சொன்னா ஆச்சுங்களா? பாப்பாவக் குடுங்க."

போனைத் தரையில் வைத்துவிட்டு, என் மகள் அதன் பக்கத்தில் தொம் தொம்மென்று குதித்துக் காட்டுகிறாள். ஒரு தடவை குதித்தால் அவருக்குப் போதாது.