பத்து வார்த்தைப் பரீட்சை

பரீட்சை என்றால் மற்றவர்களுக்குப் பயம். எனக்கு உற்சாகம் பொங்கும். இந்த வியாதியால்தான் எண்பதுகளின் நடுவில் ஒருநாள், மெட்ராஸில் ஒரு டாக்டரம்மா முன்னால் என் மானம் கப்பலேறியது.

அப்போது நான் திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். போர்டு முன்னால் உட்கார்ந்து, கேட்கிற நம்பருக்கு இணைப்புக் கொடுக்கும் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம். சைக்கிளில் ஆபீசுக்குப் போகும்போது (ரோட்டைப் பார்க்காமல், மதில்மேல் உட்கார்ந்திருந்த குரங்கைப் பார்த்துக்கொண்டு) நின்றிருந்த மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை வண்டியில் மோதி மண்டையில் அடி. காயம் ஆறிவிட்டது. ஆனால் காதில் கேட்ட நம்பர் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் மறந்துபோனது. கீழ்பென்னாத்தூர் அரிசி மண்டியைக் கேட்டவருக்குப் போலீஸ் ஸ்டேஷனைக் கொடுத்தேன். "பொன்னி எவ்ளோக்குப் போவுது?" என்று அவர் கேட்க, "எந்தப் பொன்னிய்யா?" என்று இன்ஸ்பெக்டர் போட்ட சத்தத்தில் என் ஹெட்போனே அதிர்ந்தது.

சூப்பர்வைசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "டாக்டர் சர்டிபிகேட் இல்லாம இனிமே போர்டுல உக்காராதம்மா."

எங்கள் ஊர் டாக்டர் ஒரு சீட்டில் 'நியூரோ சைக்காலஜிஸ்ட்' என்று எழுதிக் கொடுத்தார். ஊசி, மாத்திரை கிடையாது. அடிபட்ட மூளை எதை மறக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று டெஸ்ட் வைத்துக் கண்டுபிடிப்பவர்களாம்.

"மெட்ராஸ்ல எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேர் இருக்காங்க. மண்டையில அடிபட்டவங்களப் பாத்துப் பழக்கம் இருக்கான்னு கேளுங்க. டெஸ்ட் முடிஞ்சப்புறம் என்ன பண்ணணும்னு சொல்லித் தருவாங்களான்னு கேளுங்க. அப்புறம் யாருகிட்ட போறதுன்னு முடிவு பண்ணுங்க" என்றார்.

இத்தனையில் என் காதில் விழுந்தது 'டெஸ்ட்' மட்டும்தான்.

எங்கள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு பேருக்கும் லெட்டர் போட்டு விசாரிக்கலாம் என்றார். "அதெல்லாம் எதுக்குங்க? நான் பாத்துக்கறேன்" என்று நான் நேராகப் பக்கத்து ஊரான அடி அண்ணாமலைக்குப் போனேன். அங்கே முருகேசன் என்று ஒரு லாரி டிரைவர். விபத்தில் அடிபட்டு, அந்த இரண்டு பேரிடமும் போய் வந்தவர்.

"அண்ணே, ரெண்டு பேர்ல யாருது ஈசி?"

"அந்த ஆம்பள டாக்டருகிட்ட போவாதம்மா. நூறுல இருந்து ஏழு ஏழா கழிக்கச் சொல்றாரு." (அடிபடுவதற்கு முன்பே எனக்கு அது வராது.) "அந்தம்மா பரவால்ல. பத்து வார்த்தை சொல்வாங்க, திருப்பிச் சொல்லணும். அதையே அஞ்சு வாட்டி சொல்றாங்க. எனக்கு இன்னும் மறக்கல."

எனக்குப் புல்லரித்துவிட்டது. கொஸ்டின் பேப்பரே கையில்! குடை, வாளி, மாம்பழம், ரயில், செருப்பு, கோயில், பூனை, கத்தி, நிலா, தபால் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் வேலை அத்தோடு முடிந்தது.

ஒரு வாரம் ராப்பகலாக உருப்போட்டேன். மெட்ராஸ் பஸ்ஸிலும் முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டு அம்மா செஞ்சி வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அது என்னா ஸ்லோகம்மா? எனக்கும் சொல்லிக் குடேன்" என்றார். எங்கள் வீட்டுக்காரரும் நான் ஏதோ வேண்டுதலில் இருப்பதாகவே நினைத்திருக்கிறார்.

டாக்டரம்மா சாந்தமாக இருந்தார். எங்கள் வீட்டுக்காரரை ஓர் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் பத்து வார்த்தை மெதுவா படிப்பேன். முடிச்சதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கறதச் சொல்லுங்க. அவசரமே இல்ல. சரியா? குடை..."

அவ்வளவுதான். முதல் வகுப்பில் பாஸாகப்போகும் பரவசம் தலைக்கேறிவிட்டது.

"குடைவாளிமாம்பழம்ரயில்செருப்புகோயில்பூனைகத்திநிலாதபால்!"

கையிலிருந்த பட்டியலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் இன்னும் ஒண்ணுதாம்மா சொல்லியிருக்கேன்" என்றார் டாக்டரம்மா.

எங்கள் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா டிராயரைத் திறந்து வேறொரு பட்டியலை எடுத்தார். (இரண்டாவது செட் இருக்கும் என்று முருகேசன் அண்ணன் சொல்லவே இல்லை!) முழுவதையும் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு வந்தது மூன்றே மூன்று. அதிலும் இரண்டு, பழைய பட்டியலில் இருந்த பூனையும் செருப்பும்.

அழுகை வந்துவிட்டது. "வேலை போயிடும் மேடம். எப்படியாவது பாஸ் போட்டுடுங்க."

"இதுல பாஸும் இல்ல, பெயிலும் இல்ல. எங்க நழுவுதுன்னு தெரிஞ்சாதானே பிடிச்சு நிறுத்த முடியும்? ஆமா, என்கிட்ட வரணும்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"நீங்கதான் ஈசின்னு சொன்னாங்க மேடம்."

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் எழுந்து, ஊர் டாக்டர் கேட்கச் சொன்ன கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார் அந்த அம்மா. நான் குருட்டாம்போக்கில் பிடித்த ஆள் தங்கமான ஆளாக இருந்தது என் அதிர்ஷ்டம். என் சாமர்த்தியம் இதில் துளியும் இல்லை.

நான் கேட்ட சர்டிபிகேட் அன்று கிடைக்கவில்லை. மூன்று மாதம் போர்டுக்குப் பதிலாக வேறு வேலை கொடுக்கும்படி ஆபீசுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நம்பரைக் கேட்டதும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி, எழுதி, பிறகே இணைப்புக் கொடுக்கும் பழக்கத்தைச் சொல்லித் தந்தார். மாதம் ஒருமுறை போனேன், உருப்போடாமல். நான்காவது தடவை புதுப் பட்டியலில் எட்டு வார்த்தை சொன்னேன். மறுபடி போர்டில் உட்கார்ந்தேன். ரிடையர் ஆகும்வரை அந்த வேலையில்தான் இருந்தேன்.

ஞாபகம் திரும்பியது. அவசரம் மட்டும் போகவில்லை. வருஷங்கள் கழித்து எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாங்க என்ன சொல்றோம்னா..." என்று ஆரம்பித்தார்.

"எங்களுக்குச் சம்மதம்ங்க!" என்றேன்.

எங்கள் வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டு, "இரும்மா, அவரு இன்னும் ஒண்ணுதான் சொல்லியிருக்காரு" என்றார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இரண்டு வீட்டிலும் இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சம்பந்தி அன்று சொல்ல வந்தது, காபியில் சர்க்கரை ஜாஸ்தி என்பதைத்தானாம்.