நாற்பது நியூட்டனுக்கு நகராத மாஸ்டர்

கரும்பலகையில் தள்ளினால் எல்லாப் பொருளும் சமர்த்தாக நகரும். தரையில்தான் அடம்பிடிக்கும். இது எனக்குத் தெரிந்தது எண்பதுகளின் கடைசியில், குரோம்பேட்டைப் பள்ளி ஒன்றில் வேலைக்காக மாதிரி வகுப்பெடுத்த அன்று.

அதற்குமுன் இரண்டு பள்ளிகளில் "குரலே எழும்பலியேம்மா" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்தத் தடவை வேலை வாங்காமல் தாம்பரத்துக்கு ரயில் ஏறுவதில்லை என்று சபதமே போட்டிருந்தேன் (வீட்டில் அப்பா ஜாதகங்களோடு தயாராக இருந்தார்).

ஒன்பதாம் வகுப்பு. விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியர். வெறுமனே எழுதிப்போட்டால் அவர் தூங்கிவிடுவார் என்று, ஆபீஸிலிருந்து சக்கரம் வைத்த நாற்காலியை வரவழைத்தேன். உட்கார ஆள் வேண்டுமே? வராண்டாவில் போன பி.டி. மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

"சார், உங்க வெயிட் எவ்ளோ?"

"எழுபது இருக்கும் மேடம். எதுக்கு?"

"சும்மா உக்காருங்க சார்."

நாற்காலி பத்து கிலோ, ஆக எண்பது. முடுக்கம் அரை. "நாற்பது நியூட்டன்! ஒரு கை போதும்!" என்று அறிவித்துவிட்டுத் தள்ளினேன். நகரவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். ஊஹூம்.

"மிஸ்! சார் பிரேக் போட்டுகினு கீறாரு!" என்றான் பின்வரிசையில் ஒருவன். வகுப்பே சிரித்தது.

முந்தானையை இடுப்பில் செருகினேன். சுவரில் ஒரு காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து ஒரே தள்ளு.

துருப்பிடித்த சக்கரங்களுக்கு அப்போதுதான் மனம் இளகியது. நாற்காலி வாசலைத் தாண்டி, "மேடம்ம்ம்!" என்ற அலறலோடு வராண்டாச் சரிவில் இறங்கி, குடிதண்ணீர்ப் பானையை உடைத்துக்கொண்டு நின்றது.

வேலை போச்சு என்றே நினைத்தேன். ஆனாலும் விடுவதாயில்லை. பலகைப் பக்கம் திரும்பி, இருக்கிற குரலையெல்லாம் திரட்டிக் கேட்டேன்:

"கணக்குல எதை விட்டுட்டோம்?"

"உராய்வு மிஸ்!" என்று வகுப்பே கத்தியது.

"பானையையும் மிஸ்!" என்றான் பின்வரிசைக்காரன்.

தலைமையாசிரியர் எழுந்தார். "பரீட்சைல இந்தக் கேள்வியை ஒருத்தனும் விட மாட்டான். திங்கக்கிழமை வந்து சேந்துடுங்கம்மா. நாற்காலி மட்டும் ஆபீஸ்லயே இருக்கட்டும்."

சொட்டச்சொட்ட நின்ற பி.டி. மாஸ்டரிடம் ஓடினேன். "அடிபட்டுச்சா சார்?"

"இல்ல மேடம். அடுத்த தடவை தள்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அப்பா கொண்டுவந்த ஜாதகம் எதுவும் அதற்குப்பின் எடுபடவில்லை. இன்றும் யாராவது எங்களிடம் "லவ் மேரேஜா, வீட்ல பார்த்ததா?" என்று கேட்டால், நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொள்வார்:

"ரெண்டும் இல்லீங்க. இவங்க தள்ளினாங்க, நான் விழுந்துட்டேன்."