இன்னொண்ணு எடுங்க

"கண்ணு சின்னதா இருக்கு. அழிச்சிட்டு இன்னொண்ணு எடுங்க," என்றாள் அந்த அம்மாள், கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்த்துவிட்டு.

ஸ்டூடியோக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் அவருடைய மகளின் நாடகம். மரமாக நடிக்கிறாள். ஊரையெல்லாம் படம் எடுக்கிற அப்பா, மேடையில் தன்னையும் ஒரு படம் எடுக்கவேண்டும் என்று வாரக்கணக்கில் நச்சரித்திருந்தாள்.

"பாஸ்போர்ட் படம்தானேம்மா? முதல்ல எடுத்ததே நல்லா இருந்துச்சே!"

"வாசல்ல என்ன எழுதி வெச்சிருக்கீங்க?"

டிஜிட்டல் கேமரா வாங்கிய புதிதில், பிலிம் செலவு ஒழிந்த உற்சாகத்தில் அவரே எழுதி மாட்டிய பலகை அது: 'பிடிக்கும்வரை எடுத்துத் தரப்படும்.' பிலிம் காலத்தில் இந்த வம்பே இல்லை. ரெண்டு கிளிக், நாளைக்கு வாங்க. வந்த முகத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

"இதுல மூஞ்சியில எண்ணெய் வழியுதே!"

ஏசியைக் கூட்டினார். வியர்வை அடங்கியது, குறை அடங்கவில்லை. கழுத்து கோணலாம். மெத்தை வைத்த நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். அம்மாள் சுகமாகச் சாய்ந்துகொண்டாள்.

"இப்போ தோள் ஏறி இறங்கியிருக்கு."

ஏசிக்கு நேர் கீழே, பெஞ்சில் கால் நீட்டியிருந்த அம்மாளின் கணவரிடம் முறையிட்டார். "சார், நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"அவ திருப்திதான் முக்கியம். அந்தக் கதவைக் கொஞ்சம் நல்லா சாத்திடுங்க."

ஸ்டூடியோக்காரரின் மனைவியிடமிருந்து போன். "மரம் மேடை ஏறப்போகுது. எங்க இருக்கீங்க?"

"கிளம்பிட்டே இருக்கேன்!"

திரை இருப்பதால்தானே இத்தனை குறை? அலமாரியிலிருந்து பழைய பிலிம் கேமராவை எடுத்து, மிச்சமிருந்த ஒரே ரோலை மாட்டினார். "பிலிம்ல வர்ற களையே தனிம்மா. ஆனா உடனே பார்க்க முடியாது, கழுவித்தான் தரணும். ஒரே கிளிக், நீங்க கிளம்பலாம்."

அம்மாளின் முகம் மலர்ந்தது. "பார்க்க முடியாதா? அப்போ எது நல்லா வருதுன்னே தெரியாதே! ரோல் முடியற வரைக்கும் நிதானமா எடுங்க."

எடுத்தார். வேறென்ன செய்வது? பாதி ரோலில் மறுபடி போன்.

"மரத்தை நட்டாச்சு, பிடுங்கியாச்சு. உங்க பொண்ணு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கா."

பின்னாலேயே மனைவி மொபைலில் எடுத்த படம் வந்தது. முன்வரிசைக்காரர் ஒருவரின் வழுக்கை பளிச்சென்று தெரிந்தது. அதற்கு அப்பால் பச்சையாக ஏதோ ஒரு கலங்கல்.

ஸ்டூடியோக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன உட்கார்ந்துட்டீங்க? இன்னொண்ணு எடுங்க."

அப்போது கணவரின் போன் அடித்தது. "அப்படியா? ரொம்ப சந்தோஷம்," என்று பேசி வைத்தவர், சோம்பல் முறித்து எழுந்தார்.

"போதும் வா. ஏதாவது ஒண்ணைக் கொடுக்கச் சொல்லு. நம்ம வீட்டு ஏசியை ரிப்பேர் பண்ணிட்டாங்களாம்."